உதிர்ந்த விளிம்பு

வாப்பாவின் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் 1990இன் தொடக்கத்தில் மானிப்பாயில் அவருடைய நண்பர் வீட்டுக் கலியாணத்துக்கு இரவல் போயின. அந்த ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெட்டிகள் அங்கேயே நின்றுவிட்டன.

யுத்தம் முடிந்த பின்னர் நாங்கள் போனபோது, மாமா அவற்றைப் பழைய சேலையால் மூடி வைத்திருந்தார். சேலையை எடுத்ததும் கூம்பைச் சுற்றியிருந்த வளையம் கறுப்புப் பொடியாகக் கொட்டியது. "ஒருநாளும் போட்டுப் பார்க்கேல்லை, பிள்ளை. கரண்ட் இல்லாத காலம், சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் செய்தி கேட்டனாங்கள். எலி கடிச்சிட்டுதோ தெரியேல்லை" என்றார். வாப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

எலியுமல்ல, அவர் கவனக்குறைவுமல்ல. அந்த வளையம் பொலியுரேதேன் என்ற பஞ்சு. காற்றின் ஈரப்பதன் அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் பதினைந்து, இருபது வருடங்களில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்திய வானொலிகளில் கூம்பின் கடதாசியையே மடித்து விளிம்பாக்கினார்கள். அவற்றுள் பல இன்றும் பாடுகின்றன.

வளையத்துக்கு இரண்டு வேலை. கூம்பு முன்பின்னாக அசைய இடம் கொடுக்கவேண்டும். பக்கவாட்டில் சரியவும் விடக்கூடாது. கூம்பின் அடியிலுள்ள கம்பிச்சுருள் காந்தத்தின் நடுவே மிக ஒடுங்கிய இடைவெளியில் அசைகிறது. சற்றே சரிந்தாலும் உரசும், பாட்டு கரகரக்கும்.

கூம்பையும் சட்டத்தையும் அளந்து புது வளையங்கள் வாங்கினோம். பழைய பசையை ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டுவதற்கே ஒரு பகல் போயிற்று. அவசரப்பட்டால் கடதாசிக் கூம்பு கிழியும். வளையத்தை முதலில் கூம்பில் வெள்ளைப் பசையால் ஒட்டி ஓர் இரவு காயவிட்டோம். மறுநாள் சட்டத்தில் ஒட்டும்போதுதான் உண்மையான சோதனை. பசை ஈரமாக இருக்கையில் கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்து மெதுவாக அமுக்கி, காதை அருகில் வைத்துக் கேட்கவேண்டும். உரசும் சத்தம் வந்தால் வளையத்தைச் சற்று நகர்த்தவேண்டும். உடனே இறுகும் பசை இதனால்தான் உதவாது. எனக்கு நான்காவது தடவைதான் சத்தம் நின்றது.

காய்ந்தபின் 1.5 வோல்ற் பற்றறி ஒன்றை ஒரு கணம் தொடுத்தோம். நேர்முனை நேர்முனையோடு சேர்ந்தால் கூம்பு முன்னே வரும். வந்தது.

இரண்டாவது பெட்டியை மாமாவே ஒட்டினார். வாப்பா ரோச் லைற் பிடித்துக்கொண்டு நின்றார்.