தேவ்லாலி கணக்கு வாத்தியார்

சென்ற மாதம் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, கணக்குப் பரீட்சைத் தாளைக் காட்டி அழுதாள். "எனக்குக் கணக்கு வராது தாத்தா!" என்றாள். அவள் பிறந்த வருஷத்தை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். 2012 என்று எழுதினாள்.

இலக்கங்களை இறங்குவரிசையில் வைத்தால் 2210; ஏறுவரிசையில் 0122. கழித்தால் 2088. மறுபடியும் அதே போல் 8820-இல் 0288 போக 8532. அடுத்து 8532-இல் 2358 போக 6174. "இன்னும் ஒரு தடவை போடு" என்றேன். 7641-இல் 1467 போக, திரும்பவும் 6174! அழுகை நின்றுவிட்டது.

நான்கு இலக்கங்களும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு படிகளுக்குள் 6174-இல் வந்து நின்றுவிடும். வாசகர்களும் போட்டுப் பார்க்கலாம்.

இதைக் கண்டறிந்தவர் நாம் பிழைக்க வந்த இந்த மகாராஷ்டிர மண்ணின் மைந்தர், தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். 1905-இல் தஹாணுவில் பிறந்தவர். எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தை ஒரு குமாஸ்தா, ஜோதிடத்தில் பற்றுடையவர். அந்த ஜாதகக் கணக்குகளே மகனுக்கு எண்களில் ஆசையை ஊட்டின. 1929-இல் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அதற்கு மேல் படிப்போ, ஆராய்ச்சிப் பயிற்சியோ கிடையாது. 1962 வரை தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே, தாமாகவே எண்களைத் துருவினார்.

ரயில்வேக்காரனான என்னைக் கவர்ந்தது அவருடைய 'டெம்லோ' எண்கள். 11-இன் வர்க்கம் 121. 111-இன் வர்க்கம் 12321. இத்தகைய எண்களை ஆராயும் யோசனை ஜி.ஐ.பி. ரயில்வேயின் டெம்லோ நிலையத்தில் தோன்றியதாம். அதுதான் இன்றைய டோம்பிவிலி! 45-இன் வர்க்கம் 2025. அதையே 20, 25 என்று பிரித்துக் கூட்டினால் மீண்டும் 45. இதற்குக் 'காப்ரேகர் எண்' என்று பெயர். இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு, மகிழ்ச்சி தருவது என்ற பொருளில் 'ஹர்ஷத்' என்று பெயரிட்டார். நம் ராமானுஜனின் 1729-ம் ஹர்ஷத் எண்ணே; 19 x 91 = 1729.

6174-ஐ அவர் அறிவித்ததும் நம் ஊரில்தான், 1949-இல் மதராஸில் நடந்த கணித மாநாட்டில். ஆனால் 'இதெல்லாம் வெறும் விளையாட்டு' என்று சிரித்தவர்களே அதிகம். ஓய்வூதியம் போதாமல் டியூஷன் எடுத்தார். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் என்ற அமெரிக்கர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1986-இல் காலமானார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இகத்புரி - மன்மாட் தடத்தில் டிராலியில் எத்தனையோ முறை தேவ்லாலியைக் கடந்திருக்கிறேன். அவர் அப்போது உயிரோடிருந்தார். எனக்குத்தான் தெரியவில்லை. தண்டவாள வளைவுகளைச் சீராக்க நானே வகுத்த ஒரு சுருக்குக் கணக்கு அந்நாளில் என் நோட்டில் இருந்தது. 'டிப்ளமோக்காரன் சொல்ல வந்துவிட்டான்' என்பார்களோ என்று அஞ்சி யாரிடமும் காட்டவில்லை. நோட்டு பரணிலேயே கிடந்து செல்லரித்துப் போயிற்று. அவர் சிரிப்புக்கு அஞ்சவில்லை, நான் அஞ்சினேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

பேத்தி இப்போது பால் பாக்கெட் தேதியைக்கூட விடுவதில்லை. எல்லாவற்றையும் 6174-க்குக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். அடுத்த பரீட்சையில் எத்தனை வாங்குவாள் என்று நான் கேட்கவில்லை. தனியாக ஒரு நோட்டு மட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதைப் பரணில் போட விடமாட்டேன்.