வன்னி வீதிகள் – 9: லான்ட்மாஸ்டர் எந்த வகை?

ஒரு வீதிக்கு எவ்வளவு கல், எவ்வளவு தார் என்று தீர்மானிக்க முன்னர், அதில் என்னென்ன வண்டி எத்தனை ஓடுகிறது என்று தெரியவேண்டும். இந்த வாரம் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

2002 இல் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதி திறந்து 2006 ஓகஸ்டில் மூடப்படும் வரை, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்திச் சோதித்துப் பதிந்துதான் விட்டார்கள். ஆளைக் கண்காணிக்க எடுத்த பதிவு அது. வீதிக்கு அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை. யார் போகிறார் என்பது வீதிக்கு வேண்டாம். எத்தனை அச்சு, எவ்வளவு பாரம் என்பதே வேண்டும்.

அதை அறிய எளிய வழி, வீதிக்குக் குறுக்கே இரண்டு றப்பர் குழாய்களைச் சற்று இடைவெளி விட்டுப் போடுவது. சில்லு ஏறினால் குழாய்க்குள் காற்று அமுங்கி, ஓரத்திலுள்ள பெட்டியில் பதியும். ஒரு குழாயிலிருந்து மற்றதற்குப் போக எடுத்த நேரத்தில் வேகம் தெரியும். வேகத்தைக் கொண்டு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் தெரியும். அந்தத் தூரத்தை வைத்தே பெட்டி வண்டியை வகைப்படுத்துகிறது. மோட்டார் சைக்கிளுக்கு ஏறக்குறைய 1.3 மீற்றர், ஓட்டோவுக்கு 2 மீற்றர், சின்னக் காருக்கு 2.3 மீற்றருக்குச் சற்று மேலே. ஓட்டோவுக்கும் காருக்கும் ஒன்றரைச் சாண்தான் வித்தியாசம்.

லான்ட்மாஸ்டர் என்னும் இரு சில்லு உழவு இயந்திரம் வந்தால் என்ன நடக்கும்? இயந்திரத்துக்கு ஓர் அச்சு, பின்னால் இழுக்கும் பெட்டிக்கு ஓர் அச்சு. குழாய்க்குத் தெரிவது இரண்டு அச்சு மட்டுமே. வண்டிகளை 13 வகையாகப் பிரிக்கும் அமெரிக்கப் பட்டியலோடு வரும் கருவி அதைக் காரென்று எழுதிவிடலாம். நெல்மூட்டையும் உரப்பையும் குடும்பமும் ஏறிப்போகும் வண்டி கணக்கிலேயே இல்லாமற் போகும். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பக்கம் பக்கமாய் ஏறினாலும் இதே குழப்பம்தான்.

குழாய்க்குப் பதிலாகத் தாருக்குள் புதைக்கும் கம்பிச் சுருளும் உண்டு; மேலே இரும்பு வந்தால் அது உணரும். ஆனால் அதுவும் வண்டிகள் வரிசை பிசகாமல் ஓடும் ஊர்களுக்காகச் செய்யப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஷேக் முகமது அலி, பாபி ஜார்ஜ், லெலிதா வனஜாக்ஷி முதலானோர் 2012 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. பெரிய சுருளுக்குள் சிறிய சுருள்களை அமைத்து, கலந்து ஓடும் சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், கார், பஸ் எல்லாவற்றையும் பிரித்து எண்ணினார்கள். தங்கள் தெருவைப் பார்த்துக் கருவி செய்தார்கள். நான் மதிப்பது அதைத்தான். எங்கள் பட்டியலில் லான்ட்மாஸ்டரும் பெட்டி பூட்டிய பெரிய உழவு இயந்திரமும் தனித்தனியே இடம்பெற வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. அமெரிக்காவின் இல்லினோயில் 1958 முதல் 1960 வரை லொறிகளை ஓடவிட்டுச் செய்த பரிசோதனையில், ஓர் அச்சின் பாரம் இருமடங்கானால் வீதிக்கு ஏறக்குறைய 16 மடங்கு சேதம் என்று கண்டார்கள். மணல் நிரம்பிய டிப்பர் ஒன்று ஒருதரம் போவது, ஆயிரக்கணக்கான கார்கள் போவதற்குச் சமம். ஓடும்போதே அச்சின் பாரத்தை நிறுக்கும் உணரிப் பட்டைகளும் உண்டு. டிப்பர் ஓடும் வீதிகளுக்கு முதலில் வேண்டியது அவைதான்.

எப்போது எண்ணுவது என்பதும் முக்கியம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் ஐப்பசி மழைக்குள் இரண்டு பகல் எண்ணினால், மாசி பங்குனியில் காலபோக நெல் ஏறிவரும் உழவு இயந்திரங்கள் அதில் வராது. இரவில் ஓடும் பாரவூர்திகளும் வராது. அறுவடைக் காலத்தில் ஒரு முழு வாரம், இரவும் சேர்த்து எண்ணவேண்டும். ஏ9 இல் மட்டுமல்ல, அதில் வந்து ஏறும் கிறவல் வீதிகளிலும் எண்ணவேண்டும்.