மீட்டரில் ஏறும் துணி, கிலோவில் இறங்குமா?

"அண்ணாச்சி, பிட்டு இருக்கா?"

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ துணிக்கடைப் படியேறி இப்படிக் கேட்டால் முன்பெல்லாம் கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு துண்டுத் துணி மூட்டையைக் காலாலேயே தள்ளிவிடுவார். வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு, கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வரலாம். இப்போது அதே மூட்டைக்குப் பக்கத்தில் தராசு உட்கார்ந்திருக்கிறது. துண்டுத் துணிக்கும் விலை வந்துவிட்டது. சுருள் சுருளாக அடுக்கியிருக்கும் முழுத் துணியின் விலையைக் கேட்டாலோ, ஒட்டுப்போர்வை தைக்கும் ஆசையே போய்விடும்.

ஒட்டுப்போர்வை என்று நான் சொல்வது, துண்டுகளைச் சதுரம் சதுரமாக இணைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து, இரண்டையும் சேர்த்து ஓடுதையல் போட்டது. ஆங்கிலத்தில் க்வில்ட். உள்ளே பஞ்சு வைத்தால் வடக்கே ரஜாய். பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்தால் வங்காளத்தில் காந்தா. கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் சித்தி இனப் பெண்களும் இப்படி ஒன்றைத் தைக்கிறார்கள்; அதன் பெயர் கவந்தி. நம் பக்கம் இதற்கு ஊரறிந்த பெயர் ஒன்று நிலைக்கவில்லை. ஆனால் கைக்குழந்தைக்குப் பழைய வேட்டியை நாலாக மடித்துத் தைத்துப் போடுவதும், நைந்த சேலைகளைச் சேர்த்துத் திண்ணைக்கு விரிப்புச் செய்வதும் நம் வீடுகளில் நடந்ததுதான். பெயர் இல்லாததால் அதைக் கலை என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பஞ்சு ஊரிலேயே பருத்தித் துணி எட்டாத விலைக்குப் போவானேன்? நியாயமான கேள்வி. ராஜபாளையம் மில்ஸ் 1936இல் தொடங்கப்பட்டது. மருத்துவப் பஞ்சுக்கென்றே ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் 1939இல் வந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நாள் முழுக்கப் பேண்டேஜ் துணி நெய்கின்றன. தளவாய்புரம், செட்டியார்பட்டிப் பக்கம் தெருவுக்குத் தெரு நைட்டி தைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் சுந்தரபாண்டியத்தில் கைத்தறிச் சேலை.

ஆனால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நம் ஊரில் இல்லை. இங்கே நூற்ற நூலில் பெரும்பகுதி வெளியூர்த் தறிகளுக்குப் போகிறது. நைட்டிக்கு வரும் பூப்போட்ட துணியோ நிறைய குஜராத், ராஜஸ்தான் பக்கம் அச்சாகி லாரியில் இங்கே வந்து சேர்கிறது. பஞ்சுகூட நம்முடையது குறைவு. கரிசல் மண்ணில் கருங்கண்ணிப் பருத்தி விளைந்த காலம் போய்விட்டது. தமிழ்நாட்டு ஆலைகளுக்கு ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் பேல் பஞ்சு வேண்டும். ஒரு பேல் 170 கிலோ. மாநிலத்தில் விளைவது சில லட்சம் பேல்தான். மீதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா என்று வெளியிலிருந்து வருகிறது. ஆலை வாசலில் வீடு இருந்தாலும் துணி நம் கைக்கு வருவதற்குள் இந்தியாவையே சுற்றி வந்துவிடுகிறது.

பஞ்சு வியாபாரத்தில் விலையைக் கண்டிக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கண்டி என்பது 356 கிலோ. 2022 மே மாதம் ஒரு கண்டி ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. இரண்டு ஆண்டுக்கு முன்பு அதில் பாதிகூட இல்லை. அந்த மாதம்தான் நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூரில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பஞ்சுக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு அந்த ஆண்டு சில மாதம் நீக்கியது. 2025 ஆகஸ்ட்டில் மறுபடி நீக்கி, டிசம்பர் 31 வரை நீட்டித்தது. விவசாயிக்கும் செலவு ஏறியிருக்கிறது. 2025–26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்தியின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110.

சரி, இதில் ஒரு மீட்டர் துணிக்கு என்ன பங்கு? 44 அங்குல அகலப் பாப்ளின் ஒரு மீட்டரை எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 120 கிராம் என்றால் அந்தத் துண்டின் எடை ஏறக்குறைய 134 கிராம். நூற்பில் கழிவு போவதையும் சேர்த்தால் அதற்கு 160 கிராம் அளவுக்குப் பஞ்சு வேண்டும். கண்டி ஒரு லட்சம் விற்றபோது அந்தப் பஞ்சின் மதிப்பு சுமார் 45 ரூபாய். கண்டி 55 ஆயிரமாக இறங்கினால் 25 ரூபாய். ஊரே அல்லோலகல்லோலப்பட்ட அந்த உச்ச விலையிலும் பஞ்சால் மட்டும் மீட்டருக்கு ஏறியது இருபது ரூபாய்தான். மீதியெல்லாம் நூற்புச் செலவு, மின்கட்டணம், தறிக்கூலி, சாயம், அச்சு, லாரி வாடகை, கடை வாடகை. பஞ்சு இறங்கினால் இவை எதுவும் கூடவே இறங்குவதில்லை. "பஞ்சு விலை குறையட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்" என்று காத்திருப்பது வீண் என்பேன்.

மலிவாக வேண்டுமென்றால், கூலியும் சாயமும் அச்சும் வேறு ஒருவர் கணக்கில் ஏற்கெனவே தீர்ந்துபோன துணியைத் தேட வேண்டும். அதாவது வெட்டு மிச்சம்.

நைட்டி வெட்டும் இடத்தில் நீள மேசைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்து, வெட்டும் மெஷினை ஓட்டுவார்கள். ஒரே ஓட்டத்தில் அத்தனை அடுக்கும் அறுபடும். முன்புறம், பின்புறம், கை எல்லாம் கட்டுக் கட்டாகத் தையலுக்குப் போய்விடும். மேசையில் மிஞ்சுவது மூன்று வகை. கழுத்து வெட்டியதில் விழும் அரைவட்டம். உள்ளங்கை அகலமாவது இருக்கும். கைக்குழி வெட்டியதில் விழும் பிறை. ஒல்லியாக, நுனி கூர்ந்து, எதற்கும் உதவாததுபோல் இருக்கும். துணி முடியும் இடத்தில் விழும் நேர்த்துண்டு. நமக்குப் பொன் அதுதான். எல்லாம் ஒரே அச்சில் அடுக்கடுக்காக விழுவதால் ஒரே பூ, ஒரே நிறத்தில் பல துண்டு சேர்ந்து கிடைக்கும். தையல்காரர் கடை மூட்டையில் இந்த வசதி கிடையாது. அங்கே ஒரு ரவிக்கைக்கு ஒரு நிறம், பாதிக்குப் பாதி பளபளவென்ற பாலியெஸ்டர்.

இந்த மிச்சத்துக்கு ஏன் திடீரென்று தராசு வந்தது? நமக்கு முன்னால் அங்கே வேறு ஆள் நிற்கிறார். பருத்தி வெட்டுக் கழிவை மறுபடி இழையாகக் கிழித்து, அதிலிருந்து தடித்த நூல் நூற்கும் ஓபன் எண்ட் ஆலைகள் பல்லடம், உடுமலைப் பக்கம் இருக்கின்றன. ஹரியானாவின் பானிபட்டில் கழிவுத் துணியை நூலாக்குவதே பெருந்தொழில். லேத் பட்டறைக்கும் அச்சகத்துக்கும் எந்திரம் துடைக்க 'வேஸ்ட்' வேண்டும். நல்ல பஞ்சு விலை ஏறினால் இவர்கள் எல்லாரும் கழிவுப் பக்கம் திரும்புவார்கள். கழிவும் கூடவே ஏறும். நாம் ஒட்டுப்போட எடுக்கும் துண்டின் விலையைத் தீர்மானிப்பது இன்னொரு ஊர் ஆலை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இருந்தாலும் கணக்கு நமக்குச் சாதகமாகத்தான் நிற்கிறது. ஐந்தடிக்கு ஏழரையடியில் ஒருவர் போர்த்தும் போர்வை; மேற்புறம் ஆறங்குலச் சதுரங்கள். பத்துக்குப் பதினைந்து, மொத்தம் 150 சதுரம். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். இதைப் புதுத் துணியில் வாங்கினால் 44 அங்குல அகலத்தில் நாலு மீட்டருக்குச் சற்று மேல். வெட்டிய சதுரங்களின் எடை அரைக் கிலோதான். மூட்டையில் பாதி உதவாது என்று ஒதுக்கினாலும் ஒரு கிலோ போதும். கடையில் நின்றே மனக்கணக்காகப் போடலாம்: கிலோ விலையை நாலால் வகுத்தால் ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு என்ன விழுகிறது என்று தெரிந்துவிடும். அது முழுத் துணியின் மீட்டர் விலையில் பாதிக்குமேல் வந்தால் மூட்டையை விட்டுவிடுங்கள். பொறுக்கவும் தேய்க்கவும் ஆகும் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு.

சின்னச் சதுரம் அழகு என்று மூன்றங்குலத்தில் இறங்குவோரும் உண்டு. அப்போது தையலுக்கு உள்ளே போகும் துணி மட்டும் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடுதல். ஆறங்குலத்தில் அது ஆறில் ஒரு பங்கு. மலிவு வேண்டுமென்றால் சதுரம் பெரிதாக இருக்கட்டும்.

மூட்டையில் எது பருத்தி என்று கண்டுபிடிப்பது அடுத்த பாடு. கடைக்காரர் "எல்லாம் காட்டன்தான்க்கா" என்பார். அவர் பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை, அவருக்கே தெரியாது. மூன்று நாலு நூலை உருவி வீட்டில் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து, காகித வாசத்தோடு மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுத்த மணியாக விரலில் தட்டுப்படும். ரேயான் மட்டும் ஏமாற்றும். அதுவும் காகிதம்போலவே எரியும். அதற்கு வேறு வழி: நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள். ஈரத்தில் பருத்தி இன்னும் உறுதியாகும், ரேயான் பட்டென்று அறுந்துவிடும். நைட்டித் துணியில் இப்போது ரேயானும் நிறைய ஓடுவதால் இந்தச் சோதனையை விடக்கூடாது. இரண்டையும் கலந்து தைத்தால் முதல் துவைப்பிலேயே ஒன்று சுருங்கி மற்றது உப்பி, போர்வை முகம் சுளித்ததுபோல் ஆகிவிடும். நான் தைத்த முதல் போர்வை இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

துண்டுகளை வெட்டுமுன் வெந்நீரில் ஊற வைத்துக் காயப்போட வேண்டும். அடர்ந்த சிவப்பு, கருநீலம் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை நிறம் மாறினால் அந்தத் துண்டு போர்வைக்கு ஆகாது. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று பாட்டிகள் சொல்வார்கள். நிற்காது.

அடித்துணிக்குக் கிலோக் கணக்கு சரிவராது; அங்கே அகலமான ஒரே துண்டு வேண்டும். வெளுக்காத காடாத் துணி இருப்பதிலேயே மலிவு. ஈரோட்டு வாரச்சந்தை திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். மொத்தமாக எடுக்க நாலைந்து பேர் சேர்ந்தால் அங்கே போகலாம். ஒரு போர்வைக்காக ஈரோட்டுக்குப் பஸ் ஏறுவது கட்டுப்படியாகாது.

அதைவிட நல்ல வழி பீரோவுக்குள் இருக்கிறது. ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையை மூன்றாக மடித்தால் ஒவ்வொரு மடிப்பும் சரியாக ஆறடி நீளம், நாலடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஓரத்தை மடக்கி, குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு வரிசையாக ஓடுதையல் போட்டால் மூன்றடுக்கு விரிப்பு தயார். கத்தரியே வேண்டாம். கரை தன்னாலேயே ஓரமாக அமைந்துவிடும். பல வருடம் துவைத்துத் துவைத்துச் சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கி, போக வேண்டிய சாயம் எல்லாம் போய், கடையில் எந்த விலைக்கும் கிடைக்காத மென்மை அதில் இருக்கும். புதிதாகத்தான் வேண்டும் என்றால் கோ-ஆப்டெக்ஸின் 30 விழுக்காட்டுத் தீபாவளித் தள்ளுபடி வரை பொறுத்து, எளிய பருத்திச் சேலை ஒன்றை எடுத்து அதையே அடித்துணியாக்கலாம்.

மிச்சத் துணியில் போர்வை தைப்பது நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1930களின் பெருமந்தக் காலத்தில் மாவு மூட்டைத் துணியில் பெண்கள் போர்வையும் சட்டையும் தைப்பதைக் கவனித்த மாவுக் கம்பெனிகள், மூட்டையிலேயே பூ அச்சடித்து விற்றன. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் வயலில் உடுத்திக் கிழிந்த துணிகளில் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. அவர்களும் மீட்டரில் வாங்கியவர்கள் அல்ல.

உள்ளே பஞ்சு வேண்டுமா? மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மலைக்காற்று சில்லென்று அடிக்கும், உண்மைதான். ஆனால் மீதி மாதங்களைப் பாருங்கள். போடிப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் அருமை. போர்வைக்குள் அடைத்தால் துவைக்கும்போது ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். நடுவில் ஒரு பழைய வேட்டியை விரித்தால் நம் ஊர்க் குளிருக்குப் போதும். அப்படியும் பஞ்சுதான் வேண்டுமென்பவர்கள், அது நகராமலிருக்க மேலும் கீழும் சத்திரப்பட்டிப் பேண்டேஜ் (காஸ்) துணியை ஒரு சுற்றுக் கொடுத்துத் தைக்கலாம்.

வரி விஷயத்தில் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல், கடையில் விற்கும் பருத்திக் க்வில்ட் 2,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அதைத் தாண்டினால் 18. காஸ், பேண்டேஜ் வகைக்கு 12இலிருந்து 5 ஆகக் குறைந்தது. மீட்டர் துணிக்கு 5தான். தைத்து விற்க நினைக்கும் மகளிர் குழுக்கள் விலை வைக்கும்போது அந்த 2,500ஐ மறக்க வேண்டாம்.

அந்தப் பிறைத் துண்டுகளை என்ன செய்வது என்று கேட்கலாம். எங்கள் சித்தி அவற்றைத் தனியாக ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டே வருவார். உறை நிரம்பியதும் வாயைத் தைத்துவிடுவார். தலையணை கொஞ்சம் கனம், ஆனால் கடைப் பஞ்சுபோல் அமுங்குவதில்லை. நல்ல நேர்த்துண்டு வேண்டுமென்றால் அவர் சொல்வது ஒன்றுதான்: வெட்டு முடிகிற அன்றைக்கு மதியமே போய்விட வேண்டும். சாயங்காலம் கழிவு வண்டி வந்துவிடும்.