தடை தாண்டும் கலை

நுழையும்முன்

ஓடுதல், தாவுதல், ஏறுதல் ஆகியன குழந்தைப் பருவத்தில் எவரும் கற்பிக்காமலே கைவருபவை. வளர்ந்தபின் உடல் அவற்றை மெல்ல மறந்துவிடுகிறது. மறந்ததை மீண்டும் கற்க இயலுமா? இயலும் என்பதற்குச் சான்றாக விளங்குகிறது 'பார்க்கூர்' என்னும் பயிற்சி.

திண்ணையும் தெருவும்

நாச்சியாபுரம் முதலிய செட்டிநாட்டு ஊர்களின் தெருக்களில் நடப்போர் கண்ணில் படுவன நீண்ட திண்ணைகளும் படிகளும் மதில்களும் ஆகும். இத்தகைய தெருவில் வளரும் சிறுவன் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவான். திண்ணை விளிம்பில் கைகளை விரித்து நடப்பான். அங்கிருந்து குதித்து ஓடுவான். அதே திண்ணையில் அமர்ந்திருக்கும் நாற்பது வயதினரோ, இறங்கும்போது கைக்குப் பிடிமானம் தேடுவார். வயது ஒரு காரணமே. பழக்கம் விட்டுப்போனது மற்றொரு காரணம். இவ்வாறு விட்டுப்போன பழக்கத்தைப் படிப்படியாக மீட்டுத் தருவது பார்க்கூர்.

எரிமலையின் பாடம்

1902ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தது. செயின்ட் பியர் நகரம் அழிந்தது; ஏறத்தாழ 30,000 பேர் மாண்டனர். மீட்புப் பணியில் ஈடுபட்ட பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர், ஆபத்தில் ஒருவரைக் காப்பது துணிவோடு இணைந்த உடல்திறனே என்று உணர்ந்தார். ஓடுதல், தாண்டுதல், ஏறுதல், தூக்குதல் முதலிய இயல்பான அசைவுகளைக் கொண்டு ஒரு பயிற்சி முறையை வகுத்தார். பிறர்க்குப் பயன்படுவதற்கே வலிமை என்பது அவர் கொள்கை.

வியட்நாமில் பிறந்த ரேமோன் பெல், இளமையில் தடைகளைத் தாண்டும் பயிற்சியில் தம்மைத் தாமே தேர்ச்சியாக்கிக்கொண்டார். பின்னர்ப் பாரிசு நகரத் தீயணைப்பு வீரரானார். அவர் மகன் டேவிட் பெல்லும் நண்பர்களும் பாரிசை அடுத்த லீஸ் என்னும் ஊரின் சுவர்களிலும் படிகளிலும் இம்முறையை வளர்த்தெடுத்தனர். பாதை எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'பார்க்கூர்' என்னும் பெயர் பிறந்தது.

முதல் வகுப்பு

திரைப்படங்களில் மாடிக்கு மாடி தாவும் காட்சிகளைக் கண்டவர், பார்க்கூர் வகுப்பும் அவ்வாறே தொடங்கும் என எண்ணக்கூடும். திறந்தவெளியில் நடைபெறும் தொடக்கநிலை வகுப்பில் முதலில் உடலைச் சூடேற்றும் பயிற்சிகளே இடம்பெறும். பின் கைகளையும் கால்களையும் ஊன்றி விலங்குபோல் நடத்தல், தரையில் வரைந்த கோட்டின்மேல் நடத்தல், முழங்கால் உயரத்திற்கும் குறைவான படியிலிருந்து ஓசையின்றி இறங்குதல் ஆகியன தொடரும்.

ஓசையின்றி இறங்குவதில் அறிவியல் அடங்கியுள்ளது. பாதம் தரையைத் தொடும்வரை உடல் 1 மீட்டர் விழுவதாகக் கொள்வோம். முழங்காலை மடக்காமல் விறைப்பாக இறங்கி, உடல் 5 சென்டிமீட்டர் தொலைவுக்குள் நின்றுவிட்டால், தரை தரும் சராசரி விசை உடல் எடையைப்போல் 21 மடங்காகும். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் மடங்க, 50 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றால் அவ்விசை 3 மடங்காகக் குறையும். மெல்லிய ஓசை, மூட்டுகள் காக்கப்பட்டதன் அடையாளம். முன்னோக்கிய வேகம் மிகும்போது, ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புவரை சாய்வாக உருள்வர். இதனைப் புல்தரையில் அமர்ந்த நிலையிலிருந்தே பழகத் தொடங்க வேண்டும்.

வளர்ந்தவர்க்குப் பொறுமை இன்றியமையாதது. தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் வலுப்பெற அதனினும் நெடுங்காலம் ஆகும். தசை வலுத்ததை நம்பி உயரத்தைக் கூட்டுவோர் காயமடைவர். மூட்டுவலி, இதயநோய் உடையோர் மருத்துவரின் அறிவுரை பெற்ற பின்னரே பயிற்சியில் இறங்க வேண்டும்.

அறிந்த ஆட்டங்களே

இவ்வசைவுகள் தமிழர்க்குப் புதியன அல்ல. குனிந்து நிற்பவர் முதுகில் கையூன்றித் தாண்டும் பச்சைக்குதிரை, பார்க்கூரின் கையூன்றித் தாண்டும் முறைக்கு நெருங்கிய உறவு. கோட்டை மிதிக்காமல் கட்டத்திற்குக் கட்டம் தாவும் பாண்டியாட்டம், குறித்த இடத்தில் பாதம் பதிக்கும் பயிற்சியேயாகும். பாண்டி ஆடி வளர்ந்த பெண் ஐம்பது வயதில் இவ்வகுப்பிற்கு வந்தால், அவர் கால்கள் பழைய நினைவை மீட்டுக்கொள்ளக் கூடும்.

அச்சமும் அறிவும்

தாழ்ந்த சுவரின்மேல் நிற்கும்போது சிறுவனுக்குத் தோன்றாத அச்சம் பெரியவர்க்குத் தோன்றும். விழுந்தால் வேலைக்குச் செல்ல இயலாது, குடும்பம் அல்லற்படும் என்னும் எண்ணம் அவரைப் பின்னிழுக்கும். நல்ல பயிற்றுநர் அவ்வச்சத்தை நகையாடார். உயரத்தைக் குறைத்து, அதே அசைவைப் பன்முறை செய்யச் சொல்வார். இன்று வேண்டாம் எனத் திரும்புவதும் இப்பயிற்சியில் ஒரு தேர்ச்சியாகவே மதிக்கப்படும். அஞ்ச வேண்டியதையும் அஞ்ச வேண்டாததையும் பிரித்தறியும் ஆற்றல் இவ்வாறே வளர்கிறது.

சுவரில் கை வைக்கும்முன் அதன் உறுதியையும் ஈரத்தையும் சோதித்தல் பயிற்சியின் ஒழுங்கு. பிறர் வீட்டு மதிலையும், பழைமை வாய்ந்த சுண்ணாம்புச் சுவர்களையும் பயிற்சிக்களமாக்காமல் இருத்தல் அதனினும் பெரிய ஒழுங்கு.

முதுமையில் வழுக்கி விழுதல் பலரைப் படுக்கையில் கிடத்திவிடுகிறது. நிலைதடுமாறும் நொடியில் உடலைத் தாங்கிக்கொள்ளும் திறனை முன்பே பழகியவர்க்கு அவ்விடர் குறையக்கூடும். மாடிகளைத் தாவிக் கடப்போர் சிலரே. படியில் நம்பிக்கையோடு கால் வைத்து இறங்கும் தேவையோ அனைவர்க்கும் உண்டு.

தெரியுமா?

2017ஆம் ஆண்டு பார்க்கூரை ஒரு விளையாட்டாக இங்கிலாந்து முறைப்படி ஏற்றது. இதன் முதல் உலகச் சாம்பியன் போட்டியைப் பன்னாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு 2022ஆம் ஆண்டு டோக்கியோவில் நடத்தியது.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்கள் இளமையில் ஆடிய தாண்டும் ஆட்டங்களைக் கேட்டறிந்து, அவற்றின் பெயர்களையும் விதிகளையும் தொகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.