மாணவப் பருவம் – 6: ரோடு போடப் போன மாணவர்கள்

1874ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜான் ரஸ்கினுக்கு ஒரு யோசனை பிறந்தது. பிள்ளைகள் ஒழிந்த நேரமெல்லாம் படகு வலிக்கிறார்கள், கிரிக்கெட் ஆடுகிறார்கள். இந்தத் தெம்பை யாருக்காவது உதவும் வேலையில் செலவழித்தால் என்ன? ஊருக்கு வெளியே ஹிங்ஸி என்றொரு சின்னக் கிராமம். வண்டிகள் போய்ப் போய் அதன் புல்வெளி சேறாகிக் கிடந்தது. அங்கே ஒரு பாதை போடுவது என்று முடிவு செய்தார். பாடம் கேட்க வந்த பிள்ளைகளின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். வேலையை மேற்பார்க்கத் தன் வீட்டுத் தோட்டக்காரரையே வரவழைத்தார்.

ஊரே வேடிக்கை பார்த்தது. பத்திரிகைகள் கேலி செய்தன. மண் சுமந்தவர்களில் ஒருவர் ஆஸ்கார் ஒயில்டு. ரஸ்கினின் சொந்தத் தள்ளுவண்டியைத் தள்ளும் பாக்கியம் தனக்குக் கிடைத்ததாகப் பிற்காலத்தில் அவர் பெருமையடித்துக்கொண்டார். ஒயில்டு சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்வது நல்லது. பாதை என்னவோ உருப்படவில்லை. நாட்டிலேயே இவ்வளவு மோசமான சாலை வேறு இருக்காது என்று ரஸ்கினே ஒப்புக்கொண்டார். காந்தி ஒரு புத்தகத்தைக் குஜராத்தியில் சுருக்கி எழுதி அதற்குச் 'சர்வோதயம்' என்று பெயர் வைத்தாரே, அதன் மூல ஆசிரியர் இந்த ரஸ்கின்தான்.

அந்தச் சாலை வேலையில் மேஸ்திரி போல நின்ற இன்னொரு மாணவர் அர்னால்டு டாயின்பி. உலக வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய டாயின்பி அல்ல. அவர் இவருடைய சகோதரர் மகன். 'தொழிற்புரட்சி' என்ற சொல்லை ஆங்கில வாசகர்களிடையே பரவச் செய்தவை இந்த மூத்த டாயின்பியின் சொற்பொழிவுகள். 1875 விடுமுறையில் அவர் லண்டனின் கிழக்குப் பகுதியான ஒயிட்சேப்பலில் அறை எடுத்துத் தங்கினார். கப்பல்துறைக் கூலிகளும், தையல் பட்டறைகளில் இரவு பகலாக உழைத்தவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. கண்ட காட்சிகள் அவரை விடவில்லை. உடம்போ ஒத்துழைக்கவில்லை. 1883 மார்ச்சில், முப்பது வயதில் இறந்துபோனார்.

அதே ஒயிட்சேப்பலில் 1873 முதல் பாதிரியாராக இருந்தவர் சாமுவேல் பார்னெட். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் இரக்கப்பட்டு ஒரு நாள் வருவதையும், எதையாவது கொடுத்துவிட்டுப் போவதையும் அவர் பார்த்துச் சலித்திருந்தார். 1883 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டுக்கே போய் அவர் வைத்த கோரிக்கை எளிமையானது: வந்து போக வேண்டாம், வந்து தங்குங்கள். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் முதல் இரண்டு பேர் வந்து படுத்தார்கள். இறந்துபோன நண்பரின் பெயரில் அந்த வீட்டுக்கு டாயின்பி ஹால் என்று பெயரிட்டார்கள்.

வீட்டின் ஏற்பாடு சுவாரஸ்யமானது. தங்குபவர்கள் தங்கள் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் தாங்களே பணம் கட்ட வேண்டும். பகலில் அவரவர் வேலைக்குப் போகலாம். வக்கீல் தொழிலோ அரசு உத்தியோகமோ தடையில்லை. மாலையில் வகுப்பு, மன்றம், அக்கம்பக்கத்து வழக்கு வம்புகளுக்கு இலவசச் சட்ட ஆலோசனை. கற்றுக் கொடுக்க வருகிறவன் அதே அளவுக்குக் கற்றுக்கொள்ளவும் வர வேண்டும் என்பது பார்னெட்டின் நிபந்தனை. இன்றைய விண்ணப்பப் படிவங்களில் 'தனிமனித வளர்ச்சி' ஒரு கட்டத்திலும் 'சமூகப் பங்களிப்பு' இன்னொரு கட்டத்திலும் நிரப்பப்படுகின்றன. பார்னெட்டின் வீட்டில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான் இருந்தது.

யாரெல்லாம் அங்கே வந்தார்கள்? 1903இல் வந்தவர் வில்லியம் பெவரிட்ஜ். இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூரில் பிறந்தவர். தந்தை இந்தியாவில் ஐ.சி.எஸ். நீதிபதியாக இருந்தவர். மகன் சட்டத் துறையில் மேலே வருவான் என்று தந்தை காத்திருக்க, மகன் டாயின்பி ஹாலில் துணைத் தலைவராகப் போய் உட்கார்ந்தார். வீட்டில் மனத்தாங்கல்தான். ஆனால் பெவரிட்ஜ் கம்பளி கொடுக்கவும் கஞ்சி ஊற்றவும் போகவில்லை. அந்த மாதிரி தர்மத்தில் அவருக்கு நம்பிக்கையே கிடையாது. வேலையில்லாமை ஏன் வருகிறது என்று பார்க்கப் போனார். கப்பல்துறை வாசலில் காலையில் கூட்டம் கூடும். மேஸ்திரி கை காட்டியவனுக்கு அன்றைக்குக் கூலி, மற்றவனுக்குப் பட்டினி. இது சோம்பேறித்தனத்தின் விளைவல்ல, வேலை கொடுக்கும் முறையின் கோளாறு என்று கணக்குப் போட்டு 1909இல் புத்தகமாகவே எழுதினார். மறு ஆண்டு பிரிட்டனில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. 1942இல் அவர் எழுதிய அறிக்கையின் மேல்தான் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டமே எழுந்தது.

அந்தத் திட்டத்தைச் சட்டமாக்கியவரின் கதை இன்னும் சுவையானது. 1904இல் ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்து, இரண்டாம் வகுப்பில் தேறி வெளியே வந்த கூச்ச சுபாவி அவர். அரசியலில் பழமைவாதிகளின் பக்கம். வக்கீலாவது என்று முடிவு செய்திருந்தாரே தவிர அதிலும் பெரிய ஆர்வமில்லை. சமூகத்துக்கு இன்னது செய்ய வேண்டும் என்ற லட்சியம் எதுவும் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. 1905 அக்டோபரில் ஒரு மாலை, தம்பி அழைத்தாரே என்று கிழக்கு லண்டனின் ஸ்டெப்னிக்குப் போனார். அவர்கள் படித்த ஹெய்லிபரி பள்ளியின் ஆதரவில் அங்கே உழைக்கும் சிறுவர்களுக்கான மன்றம் ஒன்று நடந்தது. அந்தக் கூச்ச சுபாவியின் பெயர் கிளமென்ட் அட்லி.

முதலில் வாரம் ஒரு மாலை. பிறகு இன்னும் சில மாலைகள். 1907இல் மன்றத்தின் பொறுப்பாளராகி அங்கேயே குடிபோனார். கூட்டத்தில் பேச நாக் குழறுகிறவர், பதினான்கிலிருந்து பதினெட்டு வயது வரையிலான முரட்டுப் பையன்களை மேய்க்கப் பழகினார். ஒரு சம்பவத்தை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. தெருவில் கூடவே நடந்து வந்த ஒரு சிறுமி, எங்கே போகிறீர்கள் என்று அவரைக் கேட்டாள். வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன் என்றார். தானும் வீட்டுக்குத்தான் போவதாகச் சொன்ன அவள், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் போகிறாளாம்.

ஏழைகள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்பதற்கு அவர் வளர்ந்த வட்டத்தில் தயாராக ஒரு பதில் இருந்தது: சிக்கனமில்லை, ஒழுக்கமில்லை. ஸ்டெப்னியின் குடித்தனங்களை நாள்தோறும் பார்த்த பிறகு அந்தப் பதில் நிற்கவில்லை. அண்ணன் டாம் மூலமாக ரஸ்கினையும் வில்லியம் மோரிஸையும் படித்தார். (மோசமான சாலை போட்டவர் இங்கே மறுபடியும் வேலை செய்கிறார்.) 1908இல் சுதந்திரத் தொழிற்கட்சியின் ஸ்டெப்னி கிளையில் சேர்ந்தார், விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு கிளை அது. தெருமுனையில் பெட்டி மேல் ஏறிப் பேசினார். 1910இல் கொஞ்ச காலம் டாயின்பி ஹாலின் செயலாளர். 1919இல் ஸ்டெப்னி மேயர். 1920இல் சமூகப் பணியாளர்களுக்காக ஒரு நூல். 1922இல் நாடாளுமன்றம். 1945இல் பிரதமர். பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது அவருடைய ஆட்சியில்தான்.

நமக்கும் அவரைத் தெரியும். 1928இல் சைமன் கமிஷன் இந்தியாவுக்கு வந்தபோது, 'சைமனே திரும்பிப் போ' என்ற கறுப்புக் கொடிகளுக்கு நடுவே வந்திறங்கியவர்களில் அட்லியும் ஒருவர். 1947இல் இந்திய விடுதலைச் சட்டத்தைக் கொண்டு வந்ததும் அவருடைய அரசு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளை இந்தியாவை ஆளத் தயார் செய்த கல்லூரி, 1858 வரை ஹெய்லிபரியில் நடந்தது. அட்லி படித்த பள்ளி பிற்காலத்தில் அதே கட்டடத்தில் வந்ததுதான்.

இதெல்லாம் புகழ்ச்சியாகவே முடிந்துவிட்டால் கதை பாதிதான். கிழக்கு லண்டனிலேயே வாழ்ந்த தொழிலாளர் தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரி, டாயின்பி ஹாலைக் கடுமையாக விமர்சித்தார். படித்த வாலிபர்கள் வந்தார்கள், ஏழ்மையைப் பார்த்தார்கள், அந்த அனுபவத்தை ஏணியாக்கி அரசுப் பதவிகளுக்கு ஏறிப்போனார்கள். ஒயிட்சேப்பல் இருந்த இடத்தில்தான் இருந்தது என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதைச் சொன்னவர் அட்லிக்கு முன் தொழிற்கட்சித் தலைவராக இருந்தவர் என்பதால் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெவரிட்ஜ் அங்கே இருந்தது சில ஆண்டுகள்தான். முதல் உலகப் போருக்கு முந்தைய பல ஆண்டுகளைக் கிழக்கு லண்டனிலேயே கழித்த அட்லியும், தந்தை விட்டுச்சென்ற பணம் இருந்ததால்தான் அப்படி வாழ முடிந்தது. மாணவனுக்குக் கிடைத்த வளர்ச்சி உடனே கண்ணுக்குத் தெரிந்தது. தெருவுக்குக் கிடைக்க வேண்டியது சட்டமாக வந்து சேர முப்பது நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்தச் சிறுமியின் அன்றைய பட்டினிக்கு அது உதவியிருக்காது.

யோசனை மட்டும் கடல் தாண்டிப் போனது. 1888இல் டாயின்பி ஹாலைப் பார்த்துவிட்டுப் போன ஜேன் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் பெண், அடுத்த ஆண்டே சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். 1920களில் பம்பாயின் நாக்பாடாவில் அமெரிக்க மராத்தி மிஷன் இதே பாணியில் ஒரு வீட்டை நடத்தியது. அதை நடத்திய கிளிஃபோர்டு மான்ஷார்ட்தான் 1936இல் டாடா அறக்கட்டளையின் சமூகப் பணிக் கல்லூரிக்கு முதல் இயக்குநர். இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அது. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கினார்.

பிறகு வந்தது நம் கல்லூரிகளில் எல்லோருக்கும் பழக்கமான என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, அப்போதைய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிவைத்த நாட்டு நலப்பணித் திட்டம். அதன் நோக்கங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஊருக்கு என்ன செய்வது என்பது பின்னால்தான் வருகிறது. முதலில் இருப்பவை, தான் வேலை செய்யும் சமூகத்தை மாணவன் புரிந்துகொள்வதும், அந்தச் சமூகத்தோடு வைத்துத் தன்னைப் புரிந்துகொள்வதும். பார்னெட் சொன்னதும் இதுதான்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது கணக்கு. முகாமில் பள்ளிக்கூடத்தில் படுக்கை, காலையில் கோயில் குளத்தில் துப்புரவு, மதியம் மருத்துவ முகாம், ராத்திரி கலைநிகழ்ச்சி. ஊர்க்காரர்களின் பெயர்கள் மனதில் பதிவதற்குள் பஸ் வந்துவிடுகிறது. ஆனால் முகாமை விட்டுவிட்டு அந்த 240 மணியை மட்டும் எடுத்துக்கொண்டால், மாலைக்கு இரண்டு மணி வீதம் 120 மாலைகள். கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே தெருவுக்கு, ஒரே பிள்ளைகளிடம், வாரம் ஒரு மாலை இரண்டு ஆண்டுகள் போய்வர அது தாராளமாகப் போதும். பல கல்லூரிகளில் அந்த மணிகள் பேரணி, மரக்கன்று, விழிப்புணர்வு நாள் என்று உதிரி உதிரியாகக் கழிந்து, வருகைப் பதிவேட்டில் மட்டும் ஒன்றாகச் சேர்கின்றன.

(தொடரும்)