கடல்தெய்வத்தின் பெயர்

மணிமேகலை என்ற பெயருக்கு அகராதிகள் தரும் பொருள் எளியது. மணி இரத்தினத்தைக் குறிக்கும். வடமொழியிலிருந்து வந்து தமிழில் நிலைபெற்ற மேகலை என்ற சொல், பெண்கள் ஆடையின்மேல் இடையில் அணிந்த கோவை அணியைக் குறிக்கும். கோவைகளின் எண்ணிக்கையைக் கொண்டு இடையணிகளைப் பிரித்த பழைய மரபு, 8 கோவை உடையதைக் காஞ்சி என்றும், 7 கோவை உடையதை மேகலை என்றும், 16 கோவை உடையதைக் கலாபம் என்றும் வகுத்தது. ஆயினும், இப்பெயர் ஒரு பெண்ணுக்கு இடப்பட்ட வரலாற்றை நோக்கினால், அணிகலனை நினைத்து அது இடப்படவில்லை என்பது விளங்கும்.

அந்த வரலாற்றைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை கூறுகிறது. மாதவிக்குப் பெண் பிறந்து, பெயரிடும் நாள் வந்தபோது, கோவலன் தன் குலத்து முன்னோன் ஒருவன் நடுக்கடலில் மரக்கலம் உடைந்து நீந்தித் தவித்ததையும், அவன் செய்திருந்த அறத்தின் பயனாகக் கடல்தெய்வம் ஒன்று தோன்றி அவனைக் கரைசேர்த்ததையும் நினைவுகூர்ந்து, அத்தெய்வத்தின் பெயரையே தன் மகளுக்கு இடச் செய்தான். ஆகவே, கடல் வாணிகம் செய்து வாழ்ந்த ஒரு குடும்பத்தின் நன்றியே இப்பெயரின் உண்மையான பொருள் எனலாம். தெய்வத்திற்கு அணிகலனின் பெயர் ஏன் வந்தது என்ற வினாவுக்கு, நிலமகளுக்குக் கடலே மேகலை எனப் பாடும் வடமொழிக் கவிமரபு ஒரு குறிப்பைத் தருகிறது. நிலத்தைச் சூழ்ந்து ஒளிரும் நீருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

இத்தெய்வம் தமிழ்க் காப்பியங்களுக்கு மட்டும் உரியதன்று. புத்தரின் முற்பிறவிக் கதைகளான பாலி சாதகங்களுள் 539-ஆவதாகிய மகாசனக சாதகத்தில், சுவர்ணபூமிக்குக் கலமேறிய இளவரசன் மகாசனகன் கப்பல் மூழ்கியபின் ஏழு நாட்கள் நீந்துகிறான். நல்லோரைக் கடலில் காக்கும் பணியை ஏற்றிருந்த மணிமேகலை என்னும் தெய்வம் அதன்பின் அவனைக் கண்டு, ஏந்திச் சென்று மிதிலையில் சேர்க்கிறது. கோவலன் சொன்ன குலக்கதையும் இக்கதையும் ஒரே கடல்வழியில் பயணம் செய்தவையாக இருக்கலாம். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் இத்தெய்வம் மின்னலின் தேவியாக இன்றும் அறியப்படுகிறது. அவள் கையிலுள்ள பளிங்குமணியின் ஒளியே மின்னல் என்றும், அவளைத் துரத்தும் அரக்கன் எறியும் கோடரியின் ஓசையே இடி என்றும் அந்நாடுகளின் மக்கள் கதை சொல்வதுடன், கம்போடியாவில் இதனை நாட்டியமாகவும் ஆடுகின்றனர்.

பெயரைப் பெற்ற பெண்ணின் வாழ்க்கையைச் சீத்தலைச் சாத்தனார் மணிமேகலை என்னும் காப்பியமாக 30 காதைகளில் பாடினார். கணிகையர் குலத்தில் பிறந்தவளாயினும் அவளைக் கோவலனின் மனைவி கண்ணகியின் மகளென்றே மாதவி அறிவிக்கிறாள். அரசிளங்குமரன் உதயகுமாரன் பின்தொடர, பெயர் தந்த தெய்வமே அவளை எடுத்துச் சென்று மணிபல்லவத் தீவில் விட்டு, முற்பிறப்பை அறியச் செய்கிறது. யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள நயினாதீவே அம்மணிபல்லவம் எனக் கருதுவோர் உண்டு. அத்தீவில் அவள் பெற்ற அமுதசுரபி, எடுக்க எடுக்கக் குறையாத உணவுப் பாத்திரம் ஆகும். அதில் முதல் பிச்சையை இட்டவள் ஆதிரை. அணிகலனின் பெயரைத் தாங்கிய பெண் அணிகளைத் துறந்து பசித்தோர்க்குச் சோறிட்டாள் என்பது, தமிழ் இலக்கியத்தின் மிக உயர்ந்த காட்சிகளுள் ஒன்றாகும். காத்தளித்த அத்தெய்வமே, இந்திரவிழாவைச் சோழன் மறந்தபோது புகார் நகரைக் கடலுக்குக் கொடுத்தது என்ற செய்தியையும் காப்பியம் மறைக்கவில்லை.

இக்காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் 1898-இல் குறிப்புரையுடன் பதிப்பித்தார். பௌத்தம் தமிழகத்தில் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தமையால், அச்சமயத்தின் சொற்களை விளங்கிக்கொள்ள அவர் பெரிதும் உழைக்க வேண்டியிருந்தது. அச்சில் வந்தபின் நூல் பள்ளிப் பாடத்திற்கும் மேடைக்கும் திரைக்கும் சென்றது. தமிழ் உணர்வு எழுச்சி பெற்ற காலத்தில், காப்பிய மாந்தரின் பெயர்களைப் பெற்றோர் விரும்பி இட்டபோது, கண்ணகி என்ற பெயரில் சிலருக்குத் துயரத்தின் நிழல் தெரிந்திருக்கலாம். மணிமேகலை என்ற பெயருக்கு அத்தகைய தடை எதுவும் இல்லை. 1950 முதல் கல்கி எழுதிய பொன்னியின் செல்வனில் கடம்பூர் சம்புவரையரின் மகளுக்கும் இப்பெயரே அமைந்து, வார இதழ் வாசகரிடையே அதை மேலும் பழக்கப்படுத்தியது. சிறந்த மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் விருதும் மணிமேகலையின் பெயரைத் தாங்கியது; அமுதசுரபியை ஏந்தியவளுக்கு இது பொருத்தமான சிறப்பேயாகும்.

அண்மைத் தலைமுறையினர் ஈரெழுத்து, மூவெழுத்துப் பெயர்களை நாடுவதால், இம்முழுப்பெயர் இன்று பெரும்பாலும் தாய்மார்களிடமும் பாட்டிமார்களிடமும் கேட்கப்படுகிறது. மேகலா, மேகலை என்ற குறுக்கங்கள் மட்டும் இளையோரிடம் வழங்கிவருகின்றன. தாய்லாந்து மக்களும் மின்னல் தேவியை மேகலா என்றே சுருக்கி அழைக்கின்றனர். மேற்குப் பசிபிக் கடலில் எழும் புயல்களுக்கு இடுவதற்காக அந்நாடு அளித்த பெயர்களுள் அதுவும் ஒன்று.