கப்பல் பயணியும் கற்சிற்பமும்

சென்னைத் துறைமுகத்துக்கு வரும் சுற்றுலாக் கப்பல்களின் பயணிகள் பலர் மாமல்லபுரம் செல்கின்றனர். போகவர நூறு கிலோமீட்டருக்கு மேல். குறித்த நேரத்துக்குள் கப்பலேறியாக வேண்டும். கோயில்களைப் பார்த்தபின் சிற்பக் கடைகளுக்குக் கிடைப்பது சொற்ப நேரமே.

அந்த அவசரம்தான் தரகுக்கு இடம் தருகிறது. வழிகாட்டிக்கு யார் அதிகம் கொடுக்கிறாரோ அவர் கடை முன் வண்டி நிற்கும். அந்தத் தொகை விலையில் ஏறும், அல்லது சிற்பியின் கூலியில் குறையும். அதே பிள்ளையாரை அடுத்த கடையில் பாதி விலைக்குப் பார்த்தால், பயணிக்கு ஊர் மீதே நம்பிக்கை போய்விடும்.

2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் காப்பது கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. கருங்கல்லைக் கருங்கல் என்றும், மாக்கல்லை மாக்கல் என்றும் சொல்லி விற்போம். விலையை எழுதி வைப்போம். கையில் எடுத்துச் செல்லும் அளவிலான சிற்பங்களை முன்வரிசையில் அடுக்கி, உடையாதபடி கட்டி, ரசீதுடன் கொடுப்போம்.

எடை குறைக்காத மளிகைக் கடைக்கு வாடிக்கையாளர் மறுபடி வருவதை நாம் அறிவோம். கப்பல் பயணி மறுபடி வராமல் போகலாம். அவர் சொல்லி அனுப்பும் ஆள் வருவார்.